பெரியவரைக் காணோமா? போலீசுக்குச் சொல்லத் தயங்காதீர்கள்

கணவன், மனைவி இருவரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள். ஒருவர் படிக்க மற்றவர் கேட்டாலும் சரி. வீட்டில் அறுபது, எழுபது வயதைத் தாண்டிய அப்பாவோ அம்மாவோ, மாமனாரோ மாமியாரோ இருந்தால் கட்டாயம் படியுங்கள். உங்கள் வீட்டில் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் இருப்பார்கள்.

சாயங்காலம் ஆறு மணி என்று வைத்துக் கொள்வோம். மாடு கட்டியாகிவிட்டது. அடுப்பில் உலை கொதிக்கிறது. திண்ணையில் உட்கார்ந்திருந்த மாமனாரைக் காணோம். செருப்பு மட்டும் கிடக்கிறது. "இப்பத்தானே காப்பி குடுத்தேன், அதுக்குள்ளே எங்கே போனாரு?" என்று மருமகள் பதறுகிறாள். கணவன் தெருக்கோடி வரை ஓடுகிறான். டீக்கடையில் இல்லை, கோயிலில் இல்லை, பால் சொசைட்டிப் பக்கமும் இல்லை. மணி எட்டாகிறது. ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்கிறார்: "போலீசு கீலீசுன்னு போனா ஊரே சிரிக்கும்பா. விடிஞ்சா தன்னால வந்திருவாரு." இன்னொருவர், "அதெல்லாம் இருபத்தினாலு மணி நேரம் கழிச்சுப் போனாத்தான் ஸ்டேஷன்ல மனு வாங்குவாங்க" என்கிறார்.

இரண்டு பேச்சும் தவறு. ஆள் காணாமல் போனால் இத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. மறதி நோய் உள்ளவர் காணாமல் போனால் முதல் சில மணி நேரம்தான் முக்கியம். பொழுது சாய்ந்தபின் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறும், ரயில் பாதையும், நாற்கரச் சாலையும் அவருக்குத் தெரியப் போவதில்லை. தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்கவும் பல பேருக்குத் தோன்றாது.

ஆகவே வீட்டையும் தெருவையும் ஒரு சுற்றுத் தேடுங்கள். மாட்டுக் கொட்டகை, வைக்கோல் போருக்குப் பின்னால், மொட்டை மாடி, கதவு சாத்திய அறை எல்லாம் பாருங்கள். அரை மணி நேரத்துக்குள் ஆள் கிடைக்கவில்லையானால் 112 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். ஒருவர் போன் செய்யட்டும், ஒருவர் வீட்டிலேயே இருக்கட்டும். எல்லோரும் வெளியே ஓடிவிட்டால், அவர் திரும்பி வரும்போது வாசலில் யாரும் இல்லாமல் மறுபடி நடந்துவிடுவார்.

இது என்ன வியாதி?

வயதானால் கொஞ்சம் மறதி எல்லோருக்கும் உண்டு. மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது வியாதி இல்லை. அந்தக் கண்ணாடி எதற்கு என்பதே மறந்து போவதுதான் வியாதி. மூளையில் உள்ள நரம்பு அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதால் இது வருகிறது. டாக்டர்கள் இதை டிமென்ஷியா என்கிறார்கள். அதில் அதிகம் காணப்படும் வகைக்கு அல்சைமர் நோய் என்று பெயர். 1906-ல் அதை முதலில் எடுத்துச் சொன்ன ஜெர்மனி நாட்டு டாக்டரின் பெயர் அது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை வியாதியால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபட்டும் மறதி நோய் வரலாம்.

நம் நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 7 பேருக்கு இது இருப்பதாக 2023-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. மொத்தம் ஏறக்குறைய 88 லட்சம் பேர். பட்டணத்தைவிடக் கிராமத்தில் அதிகம், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். உங்கள் ஊராட்சியில் 60 தாண்டியவர்கள் 200 பேர் என்றால் அதில் 14 பேருக்காவது இருக்கலாம் என்று ஆகிறது. ஆனால் ஊரில் விசாரித்தால், "அப்படி ஒருத்தரும் இல்லீங்க, வயசாச்சு, கொஞ்சம் தடுமாத்தம்" என்பார்கள்.

இது பைத்தியம் அல்ல. பேய் பிசாசும் அல்ல. ஒருவரைத் தொட்டால் மற்றவருக்கு ஒட்டுவதும் அல்ல. புதிதாக நடந்தது முதலில் மறக்கும், பழையது கடைசியில் மறக்கும். காலையில் இட்லி சாப்பிட்டது நினைவில் இராது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் சந்தைக்கு ஓட்டிப் போன மயிலைக் காளை நினைவில் இருக்கும். அதனால்தான் சொந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டே, பொழுது சாயும் நேரத்தில், "நான் வீட்டுக்குப் போறேன்" என்று எழுந்திருக்கிறார்கள். அவர்கள் தேடுவது இந்த வீட்டை அல்ல, பிறந்து வளர்ந்த வீட்டை.

ஒரு எச்சரிக்கை. நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்றைக்குத் திடீரென்று உளறினால், ஆளை அடையாளம் தெரியாமல் விழித்தால், அது மறதி நோய் என்று விட்டுவிடாதீர்கள். மூத்திரத்தில் சீழ் வைத்தாலும், உடம்பில் உப்புச் சத்துக் குறைந்தாலும், சர்க்கரை மாத்திரை போட்டுச் சாப்பிடாமல் இருந்தாலும், கீழே விழுந்து தலையில் உள்ளே ரத்தம் கசிந்தாலும் அப்படி ஆகும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். 108-ஐக் கூப்பிடுங்கள். தைராய்டு குறைவு, சில வைட்டமின் குறைவு, மனச்சோர்வு இவற்றால் வரும் மறதியை வைத்தியத்தால் சரிசெய்ய முடியும். உண்மையான மறதி நோயை அடியோடு குணமாக்க இன்றுவரை மருந்து இல்லை. சிலருக்குக் கொஞ்ச காலம் நிதானப்படுத்தும் மாத்திரைகள் இருக்கின்றன. எது என்று டாக்டர் பார்த்துத்தான் சொல்ல முடியும். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டலாம். "மனநலம்" என்ற போர்டைப் பார்த்துக் கூச்சப்பட வேண்டாம். 14416 என்ற எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம், கட்டணம் கிடையாது.

ஸ்டேஷனில் என்ன சொல்வது?

போலீஸ் ஸ்டேஷன் என்றால் நம் ஜனங்களுக்குப் பயம். வெட்கமும் உண்டு. "சொந்த அப்பனைப் பார்த்துக்கத் துப்பில்லைன்னு கேப்பாங்களே" என்ற வெட்கம். அந்த வெட்கத்தில் போகிற ஒவ்வொரு மணி நேரமும் அவர் இன்னும் இரண்டு மைல் நடந்திருப்பார்.

முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்: "ஐயா, எங்க அப்பாவுக்கு மறதி நோய். வழி தெரியாமல் போயிட்டார். அவராகத் திரும்பி வர முடியாது." இந்தச் சொல் இல்லாவிட்டால், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று ரைட்டர் நினைக்கக்கூடும். நினைப்பது இயற்கை, பாதி மனு அப்படித்தான் வருகிறது. டாக்டர் எழுதிய சீட்டு இருந்தால் காட்டுங்கள். ஆள் காணவில்லை என்று வழக்குப் பதிவு செய்து அதன் நகலை உங்களுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். வாங்க மறுத்தால் சண்டை போட வேண்டாம். மாவட்டப் போலீஸ் சூப்பிரண்டுக்கு எழுத்து மூலம் மனு அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு. 112-க்குச் செய்த போனும் பதிவாகியிருக்கும்.

அடையாளம் சொல்லும்போது "வெள்ளை வேட்டி, மாநிறம்" என்றால் பாதி ஜில்லாவுக்குப் பொருந்தும். கையில் பச்சை குத்தியிருக்கிறதா, என்ன குத்தியிருக்கிறது? காதில் கடுக்கனா, பாம்படம் போட்டு வளர்த்த காதா? எந்தக் கால் சாய்த்து நடப்பார்? அரைஞாண் கயிறு கறுப்பா சிவப்பா? எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்? ரேஷன் கார்டில் ஒரு பெயர் இருக்கும், ஊரில் எல்லோரும் கூப்பிடுவது வேறு பெயராக இருக்கும். இரண்டையும் சொல்லுங்கள்.

இதைவிட முக்கியமானது, முன்னால் அவர் எங்கெங்கே வாழ்ந்தார், என்ன வேலை செய்தார் என்பது. விற்றுப் போன வயல், பழைய மாட்டுச் சந்தை மேடு, மூடிப் போன அரிசி மில், தங்கை வாழ்ந்த ஊர், பிறந்த ஊர். கால் பழகிய பாதையில்தான் கால் போகும். அம்மாவோ மாமியாரோ என்றால் பஸ்ஸையும் மறக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் அரசின் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கையில் காசில்லாத பாட்டியும் ஏறி உட்கார்ந்து கடைசி நிறுத்தம் வரை போய்விட முடியும். பஸ் நிலையத்தில் டைம் கீப்பரிடம் சொன்னால் அந்தத் தடத்துக் கண்டக்டர்களிடம் விசாரிப்பார்.

தேடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. இந்த நோயாளிகள் பெரும்பாலும் வீட்டுக்குப் பக்கத்திலேயேதான் கிடைக்கிறார்கள். ஏதாவது வழிமறிக்கும் வரை நேராகப் போய்க்கொண்டே இருப்பார்கள். வேலியோ முள்ளோ வாய்க்காலோ தடுத்தால் அங்கேயே சிக்கி நின்றுவிடுவார்கள், அல்லது உட்கார்ந்துவிடுவார்கள். திரும்பி வரத் தோன்றாது. "அப்பா! அப்பா!" என்று நீங்கள் பத்தடி தூரத்தில் கத்தினாலும் பதில் கொடுக்க மாட்டார்கள். ஆகவே சத்தம் கொடுத்துக்கொண்டே நடந்து போவது தேடுவது ஆகாது. சீமைக் கருவேலம் புதரை விலக்கிப் பார்க்க வேண்டும். கரும்புக் கொல்லையின் வரப்பில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஒரு தரம் தேடிய இடத்தை மறுபடியும் தேட வேண்டும். போலீசாரிடமும் இதைச் சொல்லுங்கள்.

ஜப்பான் நாட்டில் 2023-ல் மட்டும் மறதி நோய் உள்ள 19,039 பேரைக் காணோம் என்று போலீசுக்குப் புகார் போனது. பெரும்பாலானவர்கள் புகார் வந்த அன்றைக்கோ மறுநாளோ கிடைத்துவிட்டார்கள். அங்கே புகார் கொடுப்பதை அவமானமாக நினைப்பதில்லை. வடக்கே குஷிரோ என்ற ஊரில் 1994-லேயே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். போலீசுக்குத் தகவல் வந்ததும் அது டாக்சிக்காரர்களுக்கும் உள்ளூர் ரேடியோவுக்கும் போய்விடும், எல்லோரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். நம் ஊரில் அதற்கு டாக்சி வேண்டாம். ஆட்டோ ஸ்டாண்டு, டீக்கடை, ரேஷன் கடை, மினி பஸ் டிரைவர், ஆடு மேய்க்கிறவர் போதும். ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போடலாம். ஆள் கிடைத்ததும் மறக்காமல் "கிடைத்துவிட்டார்" என்றும் போடுங்கள். இல்லாவிட்டால் அந்தப் போட்டோ ஆறு மாதம் கழித்தும் சுற்றிக்கொண்டிருக்கும்.

போலீஸ்காரர் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. 2017-ல் இயற்றப்பட்டு 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-வது பிரிவு அது. நினைவும் நிதானமும் தவறித் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள முடியாமல் அலைகிறவரைக் கண்டால், அந்த எல்லைக்குரிய ஸ்டேஷன் பொறுப்பாளர் அவரைப் பாதுகாப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும். எதற்காக அழைத்து வந்தோம் என்று அவருக்குச் சொல்ல வேண்டும். கூடிய சீக்கிரத்தில், போனால் 24 மணி நேரத்துக்குள், பக்கத்து அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும். எக்காரணம் கொண்டும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. வழக்குப் பதிவு செய்து குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதும் ஸ்டேஷன் பொறுப்பாளரின் கடமை. "வீடு வாசல் தெரியாத கிழவர், பஸ்ஸ்டாண்டிலேயே கிடக்கட்டும்" என்று விட்டுவிட முடியாது.

சட்டம் இவ்வளவு சொன்னாலும், அந்த நேரத்தில் எதிரே நிற்கிற ஏட்டுக்கு நிலைமை விளங்க வேண்டுமே? ராத்திரி பதினொரு மணிக்குத் தள்ளாடி நடக்கிற ஒருவரைப் பார்த்தால் "குடிச்சிருக்கார்" என்றுதான் முதலில் தோன்றும். பேச்சுக் குழறினால் சந்தேகம் உறுதியாகிவிடும். வாயில் வாடை இருக்கிறதா என்று பார்த்தாலே வித்தியாசம் தெரியும். "எங்கேய்யா போறே? உன் பேரென்ன? எந்த ஊரு? பதில் சொல்லமாட்டியா?" என்று நாலு கேள்வியை ஒரே மூச்சில் கேட்டால், அந்தப் பெரியவருக்கு முதல் கேள்வியே இன்னும் உள்ளே போய்ச் சேர்ந்திருக்காது. அவர் பேந்தப் பேந்த விழிப்பார். அது திருட்டு முழி அல்ல.

விஷயம் தெரிந்த போலீஸ்காரர் வேறு மாதிரி செய்வார். ஜீப்பின் சைரனையும் சுழலும் விளக்கையும் நிறுத்துவார். பின்னாலிருந்து தோளைத் தொடாமல் முன்பக்கமாக வந்து நிற்பார். கூட்டத்தை விலக்கிவிட்டு ஒருவர் மட்டுமே பேசுவார். பெரியவர் உட்கார்ந்திருந்தால் தானும் பக்கத்தில் உட்காருவார். "ஐயா, நான் போலீஸ். உங்களுக்கு உதவி செய்ய வந்திருக்கேன். தண்ணி குடிக்கிறீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி. மனசுக்குள் பத்து எண்ணும் வரை பதிலுக்குக் காத்திருப்பார். பதில் வராவிட்டால் அதே வார்த்தையில் மறுபடி கேட்பார். வார்த்தையை மாற்றினால் அது புதுக் கேள்வி ஆகிவிடும். கையைப் பிடித்து இழுக்கமாட்டார். "வாங்க, டீ குடிச்சுட்டுப் போவோம்" என்று கூட நடப்பார்.

"எங்கம்மா காத்துக்கிட்டிருக்கா, நான் போகணும்" என்று எண்பது வயதுக்காரர் சொன்னால், "உங்கம்மா செத்து எத்தனை வருஷமாச்சோ!" என்று சிரிக்கக் கூடாது. அவருக்கு அந்த நிமிஷம்தான் தாய் செத்த சேதி வந்தது போல் ஆகிவிடும், கதறுவார். "அம்மா எந்த ஊருல இருக்காங்க ஐயா?" என்று கேட்டால் ஊர் பெயர் வரும். அது இன்றைய விலாசமாக இல்லாமல் பிறந்த ஊராக இருக்கலாம். இருந்தாலும் அந்த ஊர் ஸ்டேஷனுக்கு ஒரு போன் செய்தால் சொந்தக்காரர் எவராவது கிடைப்பார்.

பாட்டிமார் விஷயத்தில் இன்னொன்று. "புருஷன் பேர் என்ன?" என்று கேட்டால் நம் கிராமத்துப் பாட்டி வாயைத் திறக்கமாட்டாள். நோய் முற்றினாலும் அந்தப் பழக்கம் மட்டும் போகாது. "பெரிய மகன் பேரென்ன அப்பத்தா?", "உங்க ஊரு மாரியம்மன் திருவிழா எப்போ?" என்று கேட்டால் வரும். பெண் போலீஸ் கேட்டால் இன்னும் சுலபமாக வரும். இதை எந்தப் பயிற்சிப் புத்தகம் எழுதியிருக்கிறதோ இல்லையோ, கிராமத்தில் பிறந்த பெண் காவலர் எவருக்கும் தெரியும்.

பொதுமக்களும் இதே முறையைக் கடைப்பிடிக்க வேண்டும். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வம் கும்பிட வந்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று சந்தேகப்பட்டுக் கூட்டம் அடித்தே கொன்றுவிட்டது. மறதி நோய் இல்லாதவருக்கே இந்தக் கதி. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாத ஒருவர் அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்றிருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். தெரியாத முதியவர் தெருவில் நின்றால் சூழ்ந்துகொள்ளாதீர்கள். ஒரு நாற்காலி போடுங்கள், 112-க்குச் சொல்லுங்கள்.

கையில் அரிவாள் இருந்தால்

விவசாயிக்கு அரிவாளும் மண்வெட்டியும் கையின் தொடர்ச்சி. நினைவு தவறினாலும் கை அரிவாளைத் தேடும். "வயலுக்குப் போறேன்" என்று அதைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். தடுக்கிற மகனைத் திருடன் என்று நினைத்து ஓங்கவும் செய்வார். பயந்துபோன வீட்டார் போலீசைக் கூப்பிடுகிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் கூமா என்ற ஊரில் முதியோர் இல்லம் ஒன்றில் 2023 மே மாதம் இப்படித்தான் ஆயிற்று. 95 வயது மூதாட்டி, மறதி நோய் உள்ளவர், கைத்தாங்கி வண்டியைப் பிடித்துத்தான் நடப்பார். சாப்பாட்டு மேஜைக் கத்தி ஒன்றை எடுத்துக்கொண்டு இரவில் நடமாடினார். வந்த போலீஸ்காரர் சில நிமிஷம் கெஞ்சிப் பார்த்துவிட்டு, மின்சாரம் பாய்ச்சும் துப்பாக்கியால் சுட்டார். அந்தம்மா மல்லாந்து விழுந்து மண்டை உடைந்து ஒரு வாரத்தில் இறந்து போனார். அந்தப் போலீஸ்காரர் மரணம் விளைவித்த குற்றவாளி என்று 2024 நவம்பரில் ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். அவசரம் என்ன இருந்தது என்றுதான் உலகமே கேட்டது. மெதுவாக நகர்கிற ஒருவரைவிட இரண்டடி தள்ளி நிற்க எவராலும் முடியும்.

உங்கள் வீட்டில் நேர்ந்தால் போன் செய்யும்போதே, "மறதி நோய், வயது இவ்வளவு, காது கேளாது, கையில் அரிவாள் இருக்கு, அதட்டினால்தான் ஓங்குவார்" என்று சொல்லிவிடுங்கள். குழந்தைகளை வெளியே அனுப்புங்கள். அவருக்கும் உங்களுக்கும் நடுவில் கட்டிலோ நாற்காலியோ இருக்கட்டும். பறிக்கப் போகாதீர்கள். வேறு ஏதாவது பிடித்ததை நீட்டுங்கள், வெற்றிலைப் பெட்டியோ டீ டம்ளரோ. ஒரு கை அதை வாங்கினால் மறு கை தளரும். இனி அரிவாள், வெட்டுக்கத்தி, பூச்சி மருந்து மூன்றையும் பூட்டி வையுங்கள். பூச்சி மருந்தைச் சொல்லக் காரணம், பாட்டில் எது என்று அவருக்குத் தெரியாது.

"மருமக சோறு போடலை"

இதைப் பற்றிப் பேசாமல் விட்டால் இந்தத் தாளே வீண். அத்தை காலையில் மூன்று இட்லி சாப்பிட்டிருப்பார். பதினொரு மணிக்குத் தெருவில் போகிறவரிடம், "நேத்திலிருந்து பட்டினி, மருமக சோறு போடலை" என்பார். தோட்டைக் கழற்றித் தலையணைக்குள் வைத்துவிட்டு, "திருடிட்டா" என்பார். நாத்தனார் நம்புவாள், ஊர் நம்பும். யாரோ இரக்கப்பட்டுப் போலீசுக்குச் சொல்வார்கள். எஸ்.ஐ. வீட்டு வாசலில் வந்து நிற்பார். இரவு பகலாகப் பீ மூத்திரம் அள்ளிய மருமகள் குற்றவாளி போல் நிற்பாள்.

அத்தை பொய் சொல்லவில்லை. சாப்பிட்டது உண்மையிலேயே அவருக்கு நினைவில்லை. மருமகளும் பொய் சொல்லவில்லை. ஆனால் போலீசார் விசாரிக்காமலும் இருக்க முடியாது. உண்மையிலேயே பட்டினி போடும் வீடுகளும், ரேகை வாங்கிக்கொண்டு நிலத்தை எழுதிக்கொள்ளும் பிள்ளைகளும் இருக்கத்தான் செய்கிறார்கள். பெற்றோரைக் கைவிடும் எண்ணத்தோடு எங்காவது விட்டுவிட்டு வந்தால், 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று மாதம் வரை சிறை உண்டு. விசாரிக்கிறவர் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். உடம்பில் காயம் உண்டா, படுக்கை எப்படி இருக்கிறது, டாக்டர் சீட்டு உண்டா, அக்கம்பக்கம் என்ன சொல்கிறது என்று பார்த்தாலே முக்கால்வாசி விளங்கிவிடும்.

இங்கே கணவன்மாருக்கு ஒரு வார்த்தை. அந்த நேரத்தில் வாசலில் வந்து நிற்க வேண்டியவர் நீங்கள். "எங்கம்மாவுக்கு இந்த நோய், என் பொஞ்சாதிதான் பாத்துக்கிறா, இதோ சீட்டு" என்று நீங்கள் சொல்ல வேண்டும். அம்மா சொல்வதை நம்பி மனைவியை அடித்துவிட்டு, பிறகு தலையணைக்குள் தோட்டைக் கண்டெடுத்தவர்கள் உண்டு. நீங்கள் திருப்பூரிலோ சென்னையிலோ வேலையில் இருந்தால் அந்தச் சீட்டின் நகல் மனைவியிடம் இருக்கட்டும், உங்கள் போன் எப்போதும் எடுக்கப்படட்டும். ராத்திரிக் காவல் ஒருவர் தலையிலேயே விழக் கூடாது. முறை வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பி, அக்கா தங்கையும் மாதத்தில் சில நாள் வந்து இருக்கட்டும். சிறு குடும்பம் வேண்டும் என்று வீடு வீடாகச் சொன்னது நமது குடும்ப நலத்துறைதான். சொன்னது சரி. ஆனால் ஐந்து பிள்ளைகள் பகிர்ந்துகொண்ட வேலை இப்போது இரண்டு பேர் தலையில், அதுவும் ஒருவர் வெளியூரில் என்று ஆகியிருப்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கை தேவைப்பட்டால் கேளுங்கள். முதியோருக்கான 14567 என்ற எண் இருக்கிறது. உங்கள் கிராம சுகாதார செவிலியரிடமும் சொல்லலாம்.

முன்கூட்டியே செய்து வையுங்கள்

பாத்திரக் கடையில் குடத்துக்கும் தாம்பாளத்துக்கும் பெயர் வெட்டிக் கொடுக்கிறார்கள் அல்லவா? அதே கடையில் ஒரு செம்புக் காப்போ எவர்சில்வர் காப்போ வாங்கி, இரண்டு போன் நம்பரை வெட்டிக் கையில் மாட்டிவிடுங்கள். கழற்ற முடியாத அளவாக இருக்கட்டும், இறுக்கமாக வேண்டாம். சட்டைப் பையில் சீட்டு வைத்தால் துவைக்கும்போது போய்விடும். சட்டையின் உள்பக்கம், உள்பாவாடை நாடாப் பட்டையில், அழியாத மையால் நம்பரை எழுதலாம். ஊர் பெயரும் "மறதி நோய்" என்ற சொல்லும் கூட இருந்தால் நல்லது. வீட்டு விலாசத்தோடு நகையும் போட்டு அனுப்பாதீர்கள்.

இப்போதைய போட்டோ ஒன்று போனில் இருக்கட்டும், கல்யாணத்தில் எடுத்த பழைய படம் உதவாது. மேலே சொன்ன அடையாளங்களையும் பழைய ஊர்களையும் ஒரு முழுத்தாளில் எழுதி, கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் பெற்ற தகப்பன் வயதே வாயில் வராது. இங்கிலாந்தில் நார்மண்டிச் சண்டைக்குப் போய் வந்த ஒரு முதியவர், சின்ன வயதில் வாழ்ந்த வீட்டைத் தேடிப் போய் இறந்தார். அவர் பெயராலேயே அங்கே போலீசார் இப்படி ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். குடும்பத்தார் முன்பே நிரப்பி வைத்துக்கொண்டு, ஆள் காணாமல் போனதும் நீட்டிவிடுவார்கள். நமக்குப் படிவம் எதற்கு, பள்ளிக்கூடப் பிள்ளையின் நோட்டில் ஒரு தாள் போதும்.

வாசல் கதவுத் தாழ்ப்பாளைக் கண்மட்டத்துக்கு மேலே வையுங்கள். கதவில் ஒரு கோயில் மணி கட்டுங்கள். திறந்தால் சத்தம் கேட்கும். சங்கிலி போட்டுக் கட்டிலில் கட்டாதீர்கள். ஆளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு எல்லோரும் வயலுக்குப் போகாதீர்கள். தீப்பிடித்தால் அவரால் வெளியே வர முடியாது. வெளியே போகும் எண்ணம் பொழுது சாயும்போது அதிகமாக வரும் என்பதால், நாலு மணிக்கே கூட்டிக்கொண்டு ஒரு நடை போய் வாருங்கள். அவரிடம் அவரைக்காய் ஆயவோ கயிறு திரிக்கவோ கொடுங்கள். அரை குறையாகச் செய்தாலும் செய்யட்டும்.

ஆள் கிடைத்துவிட்டார்

ராத்திரி இரண்டு மணிக்கு ஜீப்பில் கொண்டுவந்து இறக்குகிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். "எங்கே போய்த் தொலைஞ்சே? எங்களை இந்தப் பாடு படுத்துறியே!" என்று கத்த வேண்டும் போல இருக்கும். கத்தாதீர்கள். போனதே அவருக்கு நினைவில்லை. வீடு நிறைய ஜனங்கள் ஏன் அழுகிறார்கள் என்றுதான் யோசிப்பார். கூட்டத்தை அனுப்பிவிட்டு வெதுவெதுப்பாகக் கஞ்சியோ பாலோ கொடுங்கள். உள்ளங்காலைக் கழுவி முள், கண்ணாடி குத்தியிருக்கிறதா என்று விளக்கைப் பிடித்துப் பாருங்கள். சர்க்கரை வியாதிக்காரருக்குக் கால் மரத்திருக்கும், வலி தெரியாது. தலையில் வீக்கம், வாந்தி, நாக்கு உலர்ந்து சோர்வு, மூத்திரம் போகாமல் இருப்பது ஏதாவது இருந்தால் விடிவதற்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கொண்டுவந்து விட்ட காவலரிடம், எந்த இடத்தில், எந்தத் திசை பார்த்து நின்றார் என்று கேட்டு அந்த முழுத்தாளில் குறித்துக் கொள்ளுங்கள். அடுத்த முறையும் கால் அந்தப் பக்கமே போகக்கூடும். தானாகவே திரும்பி வந்துவிட்டாலும் ஸ்டேஷனுக்குச் சொல்லுங்கள். இருட்டில் யாரோ இரண்டு பேர் இன்னும் கிணறு கிணறாக டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.